நாலாவது ஆள்

1994 ஜூன். அப்பா என் சர்டிபிகேட்டுகளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து நூலால் கட்டி, மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தார். மடங்கிவிடக் கூடாது என்று திருமங்கலத்திலிருந்து மதுரை வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். பிளஸ் டூவில் நான் எடுத்த மார்க்குக்கு அந்தக் கல்லூரியில் எந்த வகுப்பிலும் இடம் கிடைத்திருக்காது. மாவட்ட அளவில் 800 மீட்டரில் வாங்கிய இரண்டு சர்டிபிகேட்தான் எங்கள் கையில் இருந்த முதல்.

மைதானத்தில் கோச் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஈவண்ட்?"

"எண்ணூறு சார்."

"ஆயிரத்து ஐந்நூறு?"

"ஓடுவேன் சார்."

"கிராஸ் கன்ட்ரி?"

அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். "ஓடுவேன் சார்" என்றேன். அப்பா பின்னால் நின்றபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அவரும் ஓடுவார் என்பதுபோல.

கிராஸ் கன்ட்ரி அணிக்கு ஆறு பேர் வேண்டும், அந்த வருஷம் ஐந்து பேர்தான் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. எண்ணிக்கையை நிரப்ப வந்த ஆறாவது ஆள் நான். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். ஆறாவதாகப் போனாலும் உள்ளே போயாகிவிட்டது.

கிராஸ் கன்ட்ரி என்பது ட்ராக்கில் ஓடுவதில்லை. எங்களுக்கு அது நாகமலை அடிவாரம், கண்மாய்க் கரை, வரப்பு, சீமைக் கருவேலங்காட்டு ஒத்தையடிப் பாதை. ட்ராக்கில் ஒரு சுற்று 400 மீட்டர், எத்தனை சுற்று மிச்சம் என்று தெரியும், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். இங்கே மணி கிடையாது. கரை ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும், முள் இருக்கும். பெண்களுக்கு 6 கிலோமீட்டர், பையன்களுக்கு 12. எங்கள் உடம்புக்குப் பாதிதான் தாங்கும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்.

அந்த முடிவு எவ்வளவு பழையது என்பதைப் பின்னாளில் படித்தேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் வைத்தார்கள். இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பெண்கள் துவண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஓடி முடித்த எவரும் மூச்சு வாங்கித் தரையில் சாய்வது இயல்பு. ஆண்கள் சாய்ந்தால் அதைத் தீரம் என்பார்கள். பெண்கள் சாய்ந்ததற்காகப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960இல், 32 வருஷம் கழித்து. உலக கிராஸ் கன்ட்ரியில் ஆணும் பெண்ணும் ஒரே 10 கிலோமீட்டர் ஓடத் தொடங்கியது 2017இல்தான். இன்று என் மாணவிகள் 10 கிலோமீட்டர் ஓடுகிறார்கள், அதை அவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. அவர்கள் அப்படி நினைக்காமல் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆறாவது ஆளாகச் சேர்ந்த நான் அந்த டிசம்பருக்குள் நாலாவது ஆளானேன். நாலாவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் நாட்டு ஓட்டத்தில் நாலாவது இடம் என்பது ஒரு துக்கம். 1960 ரோமில் மில்கா சிங் 400 மீட்டரில் நாலாவது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் நாலாவது, வெண்கலம் நழுவியது நொடியில் நூற்றில் ஒரு பங்கில். நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார் அதைச் சொல்லும்போதெல்லாம் கட்டைவிரல் நகத்தைக் காட்டி, "இவ்வளவுதான், இவ்வளவுதான்" என்பார். ட்ராக்கில் நாலாவதாக வந்தவருக்கு மேடை கிடையாது.

கிராஸ் கன்ட்ரியில் கணக்கு வேறு. ஆறு பேர் ஓடுவார்கள், அணியில் முதலில் வரும் நாலு பேருடைய இடங்களைக் கூட்டுவார்கள். எந்த அணிக்குக் கூட்டல் குறைவோ அது ஜெயிக்கும். அணியின் முதல் ஆள் எவ்வளவு பறந்தாலும் ஒன்றுக்குக் கீழே போக முடியாது. நாலாவது ஆளோ பதினைந்தாகவும் வரலாம், முப்பதாகவும் வரலாம். கோப்பை யாருக்கு என்பது பெரும்பாலும் அவளிடத்தில்தான் முடிவாகும். ஐந்தாவது, ஆறாவது ஆள் கணக்கில் வருவதில்லை. ஆனாலும் எதிரணியின் நாலாவது ஆளுக்கு முன்னால் ஓடி முடித்தால் அவளை ஒவ்வோர் இடம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ஆக, வீணாக ஓடுகிறவள் என்று ஒருத்தியும் இல்லை. இவ்வளவு நியாயமான கணக்கை வேறெந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. முன்னால் போகிறவளைப் பற்றியே ஊர் பேசும், கோப்பையைக் கொண்டுவருவது நடுக்கூட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவள்.

விடிகாலை ஐந்து மணிக்கு ஹாஸ்டல் கேட் திறக்கும். ஷார்ட்ஸுக்கு மேல் ஒரு பாவாடையைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடப்போம், மைதானத்துக்குள் போனதும் அவிழ்த்து மடித்து வேப்பமரத்தடியில் வைப்போம். வெள்ளை கேன்வாஸ் ஷூ. இரண்டு பேருக்கு ஒரு ஜோடி ஸ்பைக்ஸ். என் கால் சின்னது, முன்பக்கம் பஞ்சு அடைத்துக்கொள்வேன். ரேஸ்கோர்ஸ் மைதானம் அப்போது மண் ட்ராக். மழை பெய்த மறுநாள் முதல் லேனில் தண்ணீர் நிற்கும், நாங்கள் மூன்றாவது லேனில் ஓடுவோம். சனிக்கிழமை திருப்பரங்குன்றம் போய் மலையைச் சுற்றி இரண்டு சுற்று. கிரிவலம் வருகிற கிழவிகள் ஒதுங்கி நின்று, "எதுக்குத்தா இப்படி உசுர விட்டு ஓடுறீக?" என்று கேட்பார்கள். எங்கள் கேப்டன் அக்கா ஓடிக்கொண்டே, "வேண்டுதல் பாட்டி" என்பார்.

சாப்பாடு? காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, கோச் சார் சொன்னது. ஹாஸ்டல் இட்லி. மதியம் சோறும் சாம்பாரும். சாப்பிட்ட கையோடு டீ. முட்டை வாரத்துக்கு இரண்டு நாள். அதிலும் ஒல்லியாக இருந்தால்தான் தூரம் ஓடலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. சீனியர்கள் ராத்திரியில் ஒரு சப்பாத்தியோடு எழுந்துகொள்வதைப் பார்த்து நானும் எழுந்துகொண்டேன். மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் வராமல் இருக்கும். அதை ஒரு வசதி என்றே நினைத்தோம். வந்தால் ஒரேயடியாகக் கொட்டும். அதைக் கோச் சாரிடம் எப்படிச் சொல்வது? அவரும் கேட்டதில்லை. அவர் கெட்டவரல்லர். எங்களுக்காகத் தன் பையிலிருந்து பஸ் காசு கொடுத்தவர். கேட்க வேண்டிய கேள்வி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இரண்டாம் வருஷம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. நாலு கிலோமீட்டர் வரைக்கும் எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. கரையோரம் நின்ற கோச் சார், "பதினேழு! பதினேழு! அப்படியே வா!" என்று கத்தினார். பதினேழாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். கடைசிக் கிலோமீட்டரில் கண்மாய்க் கரை ஏறும்போது காதுக்குள் ஒரு இரைச்சல். கண்மாய்த் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. கால் என்னுடையதாக இல்லை. நிற்கவில்லை, விழவும் இல்லை, ஓடினேன். ஆனால் ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள், ஆறு பேர்.

எங்கள் அணிக்கு 2, 6, 11, பிறகு நான் 23. கூட்டினால் 42. எதிரணிக்கு 3, 5, 12, 20. கூட்டினால் 40. இரண்டு புள்ளியில் கோப்பை போனது. நான் பதினேழிலேயே நின்றிருந்தால் எங்களுக்கு 36, அவர்களின் நாலாவது ஆள் ஓரிடம் பின்னே போய் அவர்களுக்கு 41. இந்தக் கூட்டலை அன்று ராத்திரி ஹாஸ்டல் மெத்தையில் எத்தனை முறை போட்டேன் என்று எனக்கே தெரியாது. முப்பது வருஷம் ஆகிறது, எண்கள் ஒன்றும் மறக்கவில்லை.

யாரும் திட்டவில்லை. கோச் சார் ஸ்டாப் வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். கேப்டன் அக்காவுக்கு அடுத்த வருஷம் கிடையாது, அவருக்கு அது கடைசி வருஷம். அக்கா என் தலையைத் தடவிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு மனத்திடம் போதாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கடைசியில் கைவிடுகிறவள் என்று. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு நிறைய நாள் வாழ்ந்தேன். சென்னை நந்தனத்தில், 1920இல் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பி.பி.எட். படித்தேன். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோகிறது, அது குறைந்தால் தூரம் ஓடுகிறவருக்குத்தான் முதலில் தெரியும் என்று பரீட்சையில் அரைப் பக்கம் எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்த அரைப் பக்கத்தில் இருப்பவள் நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தெரிந்தது 2002இல், என் மகன் வயிற்றில் இருந்தபோது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே போனாலே சோகை. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

"இது இப்ப வந்ததில்ல. எத்தனை நாளா அசதி உங்களுக்கு?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். கண்மாய்க் கரைதான் கண்முன்னால் வந்தது. வெள்ளையாகத் தெரிந்த தண்ணீர். காதில் இரைச்சல். அந்த மேசை முன்னால் உட்கார்ந்து அழுதேன். குழந்தையை நினைத்துப் பயப்படுகிறேன் என்று எண்ணி அவர் தேற்றினார். நான் அழுதது பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்திக்காக. அவளை ஏழு வருஷமாக நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். ஜூன் மாதம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சப்பை போய் பிளாஸ்டிக் ஃபைல் வந்திருக்கிறது, சர்டிபிகேட்டுகள் லேமினேட் ஆகி வருகின்றன. அப்பாக்கள் நிற்கும் விதம் மட்டும் மாறவில்லை. ரேஸ்கோர்ஸில் செயற்கை ட்ராக் வந்துவிட்டது. சக்கிமங்கலத்திலிருந்து வந்து வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார். அந்த ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். என் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகச் சேதியில்லை, பக்கத்து ஊர்ச் சேதி. கையில் வாட்ச் கட்டியிருக்கிறார்கள், அது தூரம், வேகம், நாடித்துடிப்பு எல்லாம் சொல்கிறது. ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

அதனால் அணியில் சேர வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்? ராத்திரி என்ன சாப்பிட்டாய்? முதல் கேள்விக்குப் பலர் தரையைப் பார்க்கிறார்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் அவரை வெளியே உட்காரச் சொல்கிறேன். பிறகு ரத்தப் பரிசோதனை. நாட்டில் 15லிருந்து 49 வயசு வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஓடுகிற பெண்ணுக்கு இரும்புச்சத்து இன்னும் பல வழிகளில் போகிறது: வேர்வையில் போகிறது, கால் தரையில் அறைந்து அறைந்து சிவப்பணு உடைவதில் போகிறது, மாதவிலக்கில் போகிறது. கடுமையாக ஓடி முடித்த சில மணி நேரத்துக்கு உடம்பு இரும்பைச் சரியாக உறிஞ்சாது. சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ மிச்சத்தையும் தடுத்துவிடும். எங்கள் ஹாஸ்டலில் டீ நேரத்தை மாற்ற வைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. எலுமிச்சைச் சாறு சேர்த்த சுண்டல் வந்தது. ஓட்டத்துக்கு வேண்டிய அளவு சாப்பிடாமல் ஓடினால் மாதவிலக்கு நிற்பதும் எலும்பு பலமிழப்பதும் ஒரே கோளாறின் பல முகங்கள் என்று 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விரிவாகச் சொல்லி அதற்கு ஒரு பெயரும் வைத்தது. நாங்கள் வசதி என்று நினைத்திருந்ததற்கு அப்போதுதான் சரியான பெயர் கிடைத்தது.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கத்தக்குறிச்சியிலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். ஓடுகிற பெண்ணின் உடம்பைச் சந்தேகப்பட ஆள் இருந்தார்கள், சோதிக்க ஆள் இருந்தார்கள். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது தாயி என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆளாக இருப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்று நான் நம்புகிறேன்.

போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தது. ஒற்றை நாடி உடம்பு, கரை ஏற்றத்தில் ஆடு மாதிரி ஏறும். எங்கள் அணிக்கு அதுதான் நாலாவது ஆள். போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் பயிற்சியில் டைமிங் சரிந்தது. கடைசிக் கிலோமீட்டரில் முகம் சாம்பலாகிப் போவதைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும், உள்ளிருந்து தெரியும். பரிசோதித்தால் 8.6. அணியிலிருந்து நிறுத்தினேன்.

"மேடம், நான் ஓடிருவேன் மேடம். நாலாவதா வந்துருவேன். நெஜமா மேடம்."

"ஓட மாட்டேன்னு நான் சொல்லலத்தா. இந்தத் தடவை வேணாம்."

"வீட்ல கேட்டா என்ன சொல்லுவேன்? பிளேஸ் வரலைன்னா படிப்ப நிறுத்திருவாங்க மேடம்."

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவள் பயம் பொய்யில்லை. விளையாட்டுக் கோட்டாவில் வருகிற பிள்ளைக்கு மெடல் என்பது அலங்காரமில்லை, அடுத்த செமஸ்டர். நான் அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன், மாத்திரையையும் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எனக்கு வலித்தது. என் கோச் சார் ஓட விட்டார், நான் அவரை நேசித்தேன். நான் நிறுத்தி வைக்கிறேன், இவள் என்னை வெறுக்கிறாள். முப்பது வருஷத்தில் இப்படி இடம் மாறி நிற்பேன் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

போட்டி அன்று அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டேன். வர மாட்டேன் என்று சொல்லவில்லை, வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கடைசிக் கிலோமீட்டர் கரையில் அவளை நிறுத்தி, அட்டையும் பேனாவும் கொடுத்து, போகிறவர்களை எண்ணச் சொன்னேன். நான் ஐம்பது அடி தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே பக்கத்தில் வந்தாள்.

"மேடம், ஒங்கள யாராச்சும் இப்படி நிப்பாட்டுனாங்களா?"

"இல்லத்தா."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை, தன் இடத்துக்குப் போய்விட்டாள். முன்கூட்டம் வந்தது, போனது. எங்கள் முதல் மூன்று பேரும் போனார்கள். அவள் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள், "பதினாறு, பதினேழு, பதினெட்டு." இவளுக்குப் பதிலாக நாலாவதாக ஓடிய முதலாமாண்டுப் பிள்ளை பத்தொன்பதாவதாகக் கரை ஏறியது. வாய் திறந்திருந்தது, தோள் ஏறி இறங்கியது, முன்னால் இரண்டு பேர் தளர்ந்துபோய் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ புள்ள, ரெண்டு பேருதான்! ரெண்டு பேருதான்! புடிச்சிரு, வா, வா!"

அட்டையைக் கீழே போட்டுவிட்டு அவளோடு சேர்ந்து கரையில் ஓட ஆரம்பித்தாள். பத்து எட்டு ஓடியிருப்பாள். சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நின்றுவிட்டாள்.